நாற்புறமும் சூ நாட்டுப் பாடல்: கதியற்ற நிலையைச் சொல்லும் சீன மரபுத்தொடர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தொடர் இது?

"ஸி மியென் சூ கெ" என்பது தொடர். நான்கே எழுத்துகள். முதல் இரண்டுக்கும் "நாற்புறம்" என்று பொருள். மூன்றாவது, சூ என்ற நாட்டின் பெயர். நான்காவது "பாடல்". எல்லாப் பக்கமும் அடைபட்டு, கைகொடுக்க ஒருவரும் இல்லாமல், இனிப் போக்கிடமே இல்லை என்று ஆகிவிட்ட நிலையைச் சீனர்கள் இந்த நான்கு எழுத்தில் சொல்லிவிடுவார்கள்.

இப்படி நான்கெழுத்தில் அடங்கும் பழந்தொடர்களுக்குச் சீனத்தில் "செங் யூ" என்று பெயர். அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாற்று நிகழ்ச்சி இருக்கும். அதை அறியாமல் தொடரை மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிதான் கைக்கு வரும். இந்தத் தொடரில் மீதிப் பாதிதான் முக்கியம்.

பாட்டுக் கேட்பதில் என்ன கதியற்ற நிலை?

பாட்டு வந்தது எதிரியின் பாசறையிலிருந்து. பாடப்பட்டதோ, கேட்டவனின் சொந்த ஊர்ப் பாட்டு.

கேட்டவன் யார்? எப்போது நடந்தது?

கேட்டவன் சியாங் யூ. கி.மு. 232-இல் பிறந்தவன், சூ நாட்டின் படைத்தலைவர் குடும்பத்தைச் சேர்ந்தவன். சீனாவின் தென்பகுதியில் பரந்து கிடந்த சூ நாட்டைக் கி.மு. 223-இல் சின் அரசு விழுங்கியது. அந்தப் போரில் மடிந்த சூ தளபதி சியாங் யென், இவனுடைய பாட்டன். "சூ நாட்டில் மூன்றே குடும்பங்கள் மிஞ்சினாலும் சின்னை அழிப்பது சூவாகத்தான் இருக்கும்" என்று அந்த மக்களிடையே ஒரு சொல் வழங்கியது. சியாங் யூ அந்தச் சொல்லை மெய்யாக்க வந்தவன்.

கி.மு. 209-இல், சீன முறைக் கணக்கில் இருபத்து நான்கு வயதில், சிற்றப்பனோடு சேர்ந்து கிளர்ச்சியில் இறங்கினான். மூன்றே ஆண்டுகளில் சின் பேரரசு சரிந்தது. நாட்டைப் பதினெட்டு அரசுகளாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, தன்னை "மேற்குச் சூவின் மேலாதிக்க அரசன்" என்று அறிவித்துக்கொண்டான். பங்கு கிடைத்தவர்களில் ஒருவன் லியு பாங். சின் ஆட்சியில் சிற்றூர்ப் பகுதியொன்றில் காவல் நிலையத் தலைவனாக இருந்தவன். அவனுக்கு ஹான் என்ற மூலைப் பகுதி கொடுக்கப்பட்டது. அங்கிருந்து அவன் கிளம்பிவந்து நடத்திய போரைத்தான் சூ–ஹான் போர் என்கிறோம். அது முடிந்த இடம் கைசியா, ஆண்டு கி.மு. 202.

கைசியாவுக்கு முன்னால் சமாதானம் ஆகவில்லையா?

ஆனது. கி.மு. 203-இல் ஹோங்கோவ் என்ற கால்வாயை எல்லையாக வைத்து, கிழக்கே சூ, மேற்கே ஹான் என்று பிரித்துக்கொண்டார்கள். சிறைப்பிடித்து வைத்திருந்த லியு பாங்கின் தந்தையையும் மனைவியையும் சியாங் யூ திருப்பி அனுப்பிவிட்டு, படையோடு கிழக்கே திரும்பினான். களைத்துப் போகும் படையை விட்டுவிடக் கூடாது என்று ஆலோசகர்கள் சாங் லியாங்கும் சென் பிங்கும் சொல்ல, லியு பாங் உடன்படிக்கையை மீறிப் பின்தொடர்ந்தான்.

சீனச் சதுரங்கப் பலகையைப் பார்த்தவர்களுக்கு இந்த எல்லை ஏற்கெனவே பழக்கம். பலகையின் நடுவே ஓடும் வெற்றிடத்தில் "சூ ஆறு, ஹான் எல்லை" என்று இன்றும் எழுதியிருக்கும்.

அந்த இரவு என்னதான் நடந்தது?

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து சிமா சியான் எழுதிய "ஷி ஜி" என்ற வரலாற்று நூலின் ஏழாம் அத்தியாயம் சொல்வது இது. சியாங் யூவின் படை கைசியாவில் அரண் கட்டித் தங்கியிருக்கிறது. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், உணவு தீர்ந்துவிட்டது. ஹான் படையும் அதன் கூட்டணி அரசர்களின் படைகளும் வளையம் வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன. லியு பாங்கைப் பற்றிய அடுத்த அத்தியாயம் கணக்கும் தருகிறது: எதிரே நின்ற தளபதி ஹான் சின்னிடம் மட்டும் மூன்று லட்சம் பேர், சியாங் யூவிடம் சுமார் ஒரு லட்சம்.

இரவில் நாற்புறமும் ஹான் பாசறைகளிலிருந்து சூ நாட்டுப் பாடல்கள் கேட்கின்றன. சியாங் யூ திடுக்கிடுகிறான். "சூ நாடு முழுவதையும் ஹான் பிடித்துவிட்டதா? இத்தனை சூ மக்கள் அங்கே எப்படி?" என்கிறான்.

எழுந்து, கூடாரத்துக்குள் அமர்ந்து மது அருந்துகிறான். எப்போதும் உடன் வரும் அழகி யூ (யூ ஜி) அருகில் இருக்கிறாள். எப்போதும் ஏறிச் செல்லும் குதிரை ஜுவெய் வெளியே நிற்கிறது. அவன் பாடுகிறான்:

மலையைப் பெயர்க்கும் என் வலிமை, உலகை மூடும் என் வீறு;
காலம் எனக்கு இல்லை, ஜுவெய் ஓடவில்லை.
ஜுவெய் ஓடாவிட்டால் நான் என்ன செய்வேன்?
யூ, யூ, உன்னை நான் என்ன செய்வேன்?

பலமுறை பாடினான், அவளும் சேர்ந்து பாடினாள். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, சுற்றியிருந்தவர்களும் அழுதார்கள், ஒருவராலும் தலைநிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்கிறது நூல். இதைப் படிக்கும்போது நான் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. அவன் பாடிய பாட்டும் சூ நாட்டு மெட்டில் அமைந்ததுதான். ஒவ்வோர் அடியின் நடுவிலும் சூ பாடல்களுக்கே உரிய இழுப்பு அசை வருகிறது. வெளியே எதிரிகள் பாடியதும் உள்ளே அவன் பாடியதும் ஒரே மண்ணின் பாட்டு.

ஆட்கள் குறைவு, உணவு இல்லை, முற்றுகை – இவை போதாதா? பாட்டு ஏன் தொடரின் பெயரானது?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முற்றுகையும் பசியும் சியாங் யூவுக்குப் புதியவை அல்ல. அவற்றை எதிர்த்து நின்று வென்றே பெயர் வாங்கியவன். "எட்டு ஆண்டுகள், எழுபதுக்கு மேற்பட்ட போர்கள், ஒன்றில்கூடத் தோற்றதில்லை" என்று கடைசி நாளிலும் சொன்னான். எதிரி எத்தனை பேர் என்று எண்ணி அஞ்சும் ஆள் அல்ல அவன்.

அந்த இரவு அவன் கேட்ட கேள்வியைத் திரும்பப் பாருங்கள். எதிரி எத்தனை பேர் என்று கேட்கவில்லை. அங்கே நம்மவர்கள் எத்தனை பேர் என்று கேட்டான். திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது, அங்கே நமக்காக நிற்கும் மக்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை இருக்கும்வரை முற்றுகை என்பது முற்றுகை மட்டுமே. அந்த நம்பிக்கை போன பிறகு உடைத்துக்கொண்டு வெளியேறினாலும் போவதற்கு இடமில்லை. தொடர் சொல்லும் கதியற்ற நிலை இதுதான்.

சூ பாட்டைப் பாட வைத்தது சாங் லியாங்கின் தந்திரம் என்று படித்தேனே?

பிற்காலக் கதைகளிலும் நாடக மேடையிலும் அப்படித்தான் வருகிறது. சாங் லியாங் குன்றின் மேல் ஏறிக் குழல் ஊதினார், ஹான் வீரர்களுக்குச் சூ பாட்டுகளைக் கற்றுக்கொடுத்துப் பாட வைத்தார், கேட்ட சூ வீரர்கள் ஊர் நினைப்பு வந்து இரவோடு இரவாக ஓடிவிட்டார்கள் என்பார்கள். கதையாக அழகானது. ஆனால் "ஷி ஜி"யின் இந்தப் பகுதியில் குழலும் இல்லை, சாங் லியாங்கும் இல்லை. பாட்டுக் கேட்டது என்று மட்டும் இருக்கிறது.

தந்திரமே தேவைப்படாமல் அந்தப் பாட்டு எழுந்திருக்க முடியும். சுற்றி நின்றவர்களின் பூர்வீகத்தைப் பாருங்கள். லியு பாங்கின் சொந்த ஊரான பெய், பழைய சூ எல்லைக்குள் இருந்தது. பேரரசனான பிறகும் தன் காதற்கிழத்தி சீயிடம் "நீ எனக்காகச் சூ நடனம் ஆடு, நான் உனக்காகச் சூ பாட்டுப் பாடுகிறேன்" என்று சொன்னவன் அவன். ஹான் சின் பிறந்த ஹுவாய்யினும் சூ மண்தான். முற்றுகையில் சேர்ந்துகொண்ட யிங் பூவும் அந்தப் பக்கத்து ஆள். சூவின் பெரும் படைத்தலைவனாக இருந்த சோவ் யின், போர் முடியும் தறுவாயில் கட்சி மாறி, தென்பகுதிப் படையையே ஹான் பக்கம் திருப்பிவிட்டான். இத்தனை சூ வீரர்கள் இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் வேறெந்த ஊர்ப் பாட்டைப் பாடுவார்கள்?

தந்திரக் கதையில் சியாங் யூ ஏமாற்றப்பட்டவன். மூலத்தில் அவன் கைவிடப்பட்டவன். இரண்டாவதுதான் கனமானது, தொடரின் பொருளுக்கும் அதுவே நெருக்கமானது என்பது என் துணிபு.

அவனை ஏன் இத்தனை பேர் கைவிட்டார்கள்?

எதிர்ப்பக்கம் நின்ற முக்கியமானவர்களில் பலர் ஒரு காலத்தில் அவனிடமே வேலை பார்த்தவர்கள். கைசியாவில் அவனை வளைத்த ஹான் சின், அவனுடைய காவல் வீரனாக ஈட்டி பிடித்து நின்றவன். பிறகு ஹான் சின் பெரிய தளபதியானதும், தன் பக்கம் இழுக்கச் சியாங் யூ தூது அனுப்பினான். ஹான் சின் சொன்ன பதில் பதிவாகியிருக்கிறது: "அவரிடம் இருந்தபோது என் பதவி காவலாளுக்கு மேல் போகவில்லை. என் சொல் கேட்கப்படவில்லை, என் திட்டம் ஏற்கப்படவில்லை. அதனால்தான் சூவை விட்டு ஹானுக்கு வந்தேன்." சென் பிங்கும் சியாங் யூவை விட்டு வந்தவன். யிங் பூ சியாங் யூவின் முன்னணித் தளபதியாக இருந்தவன். மூத்த ஆலோசகர் ஃபான் செங்கை "தந்தைக்கு அடுத்தவர்" என்று அழைத்துவந்தவன், சென் பிங் மூட்டிய சந்தேகத்தை நம்பி அவரையும் ஒதுக்கினான். கி.மு. 204-இல் மனம் வெறுத்துக் கிளம்பிய அந்தக் கிழவர், போகும் வழியிலேயே முதுகில் கட்டி வந்து இறந்துபோனார். அவனுடைய சிற்றப்பன்களில் ஒருவரான சியாங் போ, லியு பாங்கின் உயிரை ஒரு விருந்தில் காப்பாற்றியவர்.

ஹான் சின் சியாங் யூவைப் பற்றிச் சொன்ன இன்னொரு குறிப்பு என் மனத்தை விட்டு அகலாதது. நோயுற்ற வீரனைக் கண்டால் கண்ணீர் விட்டுத் தன் உணவைப் பகிர்வான். ஆனால் பெரும்பணி செய்தவனுக்கு நிலமும் பட்டமும் தரவேண்டிய வேளையில், பட்ட முத்திரையைக் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பி, அதன் விளிம்பு தேயும்வரை கொடுக்க மனம் வராமல் இருப்பான்.

கொடுமையும் சேர்ந்துகொண்டது. சரணடைந்த இரண்டு லட்சம் சின் வீரர்களை சின்ஆன் நகருக்கு அருகே கொன்று புதைத்தான் என்றும், சின் தலைநகர் சியென்யாங்கில் அவன் வைத்த தீ மூன்று மாதம் அணையவில்லை என்றும் "ஷி ஜி" எழுதுகிறது. பழைய நூல்களின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவன் பெயர் எப்படி அஞ்சப்பட்டது என்பது மட்டும் அவற்றிலிருந்து தெரிகிறது.

யூ ஜி அந்த இரவு வாளால் உயிர்விட்டாள் என்பது உண்மையா?

"ஷி ஜி"யில் அப்படி இல்லை. சேர்ந்து பாடினாள் என்பதோடு அவளைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. வாள் நடனம் ஆடி உயிர்விடுவது பின்னால் வளர்ந்த கதை. பெய்ஜிங் இசைநாடகத்தில் மெய் லான்ஃபாங் அந்த வேடத்தைக் கட்டிப் புகழ்பெற்றார். சீனத்தில் சிவப்புக் கசகசாப் பூ ஒன்றுக்கு "அழகி யூ" என்றே பெயர். அவள் குருதி சிந்திய இடத்தில் பூத்தது என்பார்கள்.

விடிந்த பிறகு?

விடியும் முன்பே எண்ணூறுக்கு மேற்பட்ட குதிரை வீரர்களோடு தெற்கு நோக்கி முற்றுகையை உடைத்து வெளியேறினான். பொழுது விடிந்த பிறகே ஹான் படை விஷயத்தை அறிந்து, ஐயாயிரம் குதிரை வீரர்களைப் பின்னால் அனுப்பியது. ஹுவாய் ஆற்றைக் கடந்தபோது அவனோடு நூற்றுச் சொச்சம் பேர். யின்லிங் அருகே வழி தவறி, ஓர் உழவரிடம் கேட்டான். "இடப்பக்கம் போ" என்றார் அவர். அது பொய். இடப்பக்கம் பெரிய சதுப்பு நிலம். முதல் நாள் இரவு பாட்டாகக் கேட்டதை இப்போது ஒரு கிழவரின் வாய்ச்சொல்லாகக் கேட்டான் என்றே எனக்குத் தோன்றும்.

துங்செங்கை அடைந்தபோது மிஞ்சியவர்கள் இருபத்தெட்டுப் பேர். "வானம் என்னை அழிக்கிறது, இது போரில் நான் செய்த பிழை அல்ல" என்று அவர்களிடம் சொல்லி, அதை மெய்ப்பிக்கவென்றே ஹான் அணிக்குள் மூன்றுமுறை பாய்ந்து மீண்டான்.

கடைசியில் வூ ஆற்றுத் துறை. அங்கே நிலையத் தலைவன் ஒருவன் படகோடு காத்திருந்தான். "ஆற்றுக்கு அக்கரை சிறிதுதான், ஆனாலும் ஆயிரம் லி (சீனத் தொலைவளவு) நிலம், பல லட்சம் மக்கள். அரசாளப் போதும். படகு என்னிடம் மட்டுமே இருக்கிறது, ஹான் படை கடக்க முடியாது, ஏறுங்கள்" என்றான். சியாங் யூ சிரித்தான். "அக்கரையின் எண்ணாயிரம் பிள்ளைகளோடு மேற்கே புறப்பட்டேன். இன்று ஒருவன்கூடத் திரும்பவில்லை. அவர்களைப் பெற்றவர்கள் இரங்கி என்னை அரசனாக்கினாலும், எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பேன்?" குதிரையை மட்டும் அந்த மனிதனிடம் கொடுத்தான். ஐந்து ஆண்டுகள் ஏறிய குதிரை, கொல்ல மனம் வரவில்லை என்றான்.

நடந்தே சண்டையிட்டான். உடலில் பத்துக்கு மேல் காயம். எதிரணியில் லூ மாதோங்கைக் கண்டு "நீ என் பழைய நண்பன் அல்லவா?" என்றான். "என் தலைக்கு ஆயிரம் பொன்னும் பத்தாயிரம் குடும்பங்கள் கொண்ட நிலமும் தருவார்களாமே, உனக்கு நன்மை செய்கிறேன்" என்று தன் கழுத்தை அறுத்துக்கொண்டான். உடலை ஐந்து பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். ஐவருக்கும் பிரபுப் பட்டம் கிடைத்தது. அவர்களில் ஒருவன் லூ மாதோங்.

படகில் ஏறியிருக்க வேண்டுமா, கூடாதா?

சீனக் கவிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதை விவாதித்திருக்கிறார்கள். தாங் காலத்து தூ மூ, அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு அக்கரை போயிருந்தால் புழுதி பறக்க மீண்டு வந்திருக்கலாம் என்று பாடினார். "தோற்றவன் மீண்டெழுந்து வருதல்" என்ற இன்னொரு மரபுத்தொடர் அந்த வரியிலிருந்து பிறந்தது. சோங் காலத்து வாங் ஆன்ஷி, அக்கரைப் பிள்ளைகள் இருந்தாலும் இவனுக்காக மறுபடி வருவார்களா என்று கேட்டார். தன் நாட்டின் வடபாதி படையெடுப்பாளர் கையில் விழுந்து, அரசவை தெற்கே ஓடிய காலத்தில் வாழ்ந்த பெண் கவிஞர் லி சிங்சாவ், ஆற்றைக் கடக்க மறுத்த சியாங் யூவை இன்றும் நினைக்கிறோம் என்று எழுதினார். ஓடிய அரசவைக்கு அது சாட்டையடி.

எனக்கு வாங் ஆன்ஷியின் கேள்விதான் சரியாகப் படுகிறது. கைசியாவில் கேட்ட பாட்டு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

சிமா சியான் எந்தப் பக்கம்?

இரு பக்கமும். பேரரசர்களுக்கு உரிய பகுதியில், பேரரசனாக முடிசூடாத சியாங் யூவுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தார். அதுவும் லியு பாங்கின் வழிவந்தவர்கள் ஆண்ட காலத்தில். அதே அத்தியாயத்தின் முடிவில், "வானம் என்னை அழித்தது" என்ற பேச்சு எவ்வளவு பிழையானது என்றும் கடிந்துகொண்டார். சிமா சியானின் வாழ்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். கி.மு. 99-இல் ஐயாயிரம் காலாட்படையோடு சியோங்னு நாடோடிகளிடம் சிக்கி, அம்பு தீர்ந்து சரணடைந்த லி லிங் என்ற தளபதிக்காக அரசவையில் பரிந்து பேசியவர் அவர். அதற்காக ஆண்மை நீக்கத் தண்டனை பெற்றார். சூழப்பட்ட ஒரு தளபதியின் இரவை அவர் கை எழுதிய விதத்தில் அந்த வலியும் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பானைகளை உடைத்துப் படகுகளை மூழ்கடித்தவனும் இவன்தானா?

இவனேதான். கி.மு. 207-இல் ஜூலு நகரை மீட்கச் சாங் ஆற்றைக் கடந்தவுடன், படகுகளை மூழ்கடிக்கவும் சமையல் பானைகளை உடைக்கவும் கூடாரங்களை எரிக்கவும் ஆணையிட்டான். ஆளுக்கு மூன்று நாள் உணவு மட்டும். திரும்பும் வழி இல்லாத படை, சின்னின் பெரும்படையை முறித்தது. "பானை உடைத்துப் படகு மூழ்கடித்தல்" என்ற தொடர் அங்கிருந்து வந்தது. ஹான் சின்னும் கி.மு. 204-இல் ஜிங்சிங் கணவாயில், ஆற்றுக்கு முதுகு காட்டிப் பத்தாயிரம் பேரை நிறுத்தி ஜாவ் நாட்டை வென்றான். அது "ஆற்றுக்கு முதுகு கொடுத்துப் போரிடல்" என்ற தொடரானது.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. முந்தைய இரண்டிலும் போக்கிடம் இல்லாத நிலையைத் தலைவனே வேண்டுமென்று உண்டாக்குகிறான். துணிவைச் சொல்லும் தொடர்கள் அவை. தேர்வுக்கு முன் மாணவன் "பானையை உடைத்துவிட்டேன்" என்று சொல்லலாம். "நாற்புறமும் சூ பாட்டு" என்று அவன் சொன்னால் தேர்வு கைவிட்டுப் போய்விட்டது என்று பொருள்.

இன்று எங்கே பயன்படுத்துகிறார்கள்?

சீனச் செய்திகளில் அன்றாடம் வரும். கடன்காரர், முதலீட்டாளர், ஊழியர் என்று எல்லாரும் திரும்பிவிட்ட நிறுவனம், சொந்தக் கட்சியே கைவிட்ட தலைவர், தோல்வியடைந்து ரசிகர்களையும் இழந்த பயிற்சியாளர், இவர்களுக்கெல்லாம் பொருந்தும். வெறும் வேலைப்பளுவுக்கோ ஒரே ஒரு பகைவனுக்கோ சொல்வதில்லை. ஜப்பானியர் "ஷிமென் சோகா" என்றும் கொரியர் "சாம்யோன்சோகா" என்றும் அதே நான்கு எழுத்துகளைத் தங்கள் ஒலிப்பில் வழங்குகிறார்கள்.

"இருதலைக் கொள்ளி எறும்பு" என்று தமிழில் பெயர்க்கலாமா?

வேண்டாம். அது இரண்டு துன்பங்களுக்கு நடுவே எந்தப் பக்கமும் போக முடியாத தவிப்பு. கைவிடப்பட்டதன் வேதனை அதில் இல்லை. "நாற்புறமும் சூ பாட்டு" என்று எழுதி, ஒரு வரியில் கதையைச் சொல்லிவிடுவது மேல்.

அந்த இடங்கள் இப்போது எங்கே?

கைசியா இன்றைய ஆன்ஹுய் மாகாணத்தின் வடபகுதியில் இருக்கிறது. லிங்பி வட்டமா, பக்கத்திலிருக்கும் குஜென் வட்டமா என்பதில் இரு ஊரும் உரிமை கொண்டாடுகின்றன. யூ ஜியின் கல்லறை என்று மக்கள் காட்டும் இடம் லிங்பியில். வூ ஆற்றுத் துறை இருந்த இடம் அதே மாகாணத்தில், யாங்சி ஆற்றங்கரையில், ஹெ வட்டத்தில். அங்கே சியாங் யூவுக்கு ஒரு கோயில் இருக்கிறது.